அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நடந்ததை உங்கள் வாசகர்களிடம் சொல்ல வேண்டும். கோபம் அடங்கட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்திருந்தேன். கோபம் அடங்கிவிட்டது, வருத்தம் அடங்கவில்லை.

சிங்கப்பூர்த் தீவின் வடக்குக் கரையில், சதுப்புநிலக் காட்டோரப் பலகைப் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, பூச்சிகளைப் பிடித்து ஆராய்வதற்காகக் கூடாரம் போன்ற ஒரு வலையைக் கட்டி வைத்திருக்கிறோம். உச்சி மூலையில் பூச்சிகள் வந்து விழும் ஒரு போத்தல் இருக்கும். வாரம் ஒரு முறை அதைக் கழற்றிக்கொண்டு புதிய போத்தலை மாட்டுவோம். அன்று போனபோது வலை கிழியவில்லை, கயிறுகள் இறுக்கமாகவே இருந்தன. போத்தல் மட்டும் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. மூடி ஒரு வேரின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. இங்கே குரங்குகள் உண்டு. ஆனால் குரங்கு வலையைக் கிழிக்கும். மூடியைத் திருகிக் கழற்றி ஓரமாக எடுத்து வைக்காது. யாரோ ஒருவர் போத்தலை எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். இடையில் அலையும் ஒரு முறை ஏறி இறங்கிவிட்டது. போத்தலின் உள்சுவரில் நான் போட்டு வைத்த சீட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இடம், மாட்டிய தேதி, வலையின் எண் என எல்லாம் பென்சிலில் எழுதியது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. எந்த வாரத்தின் பூச்சிகள் என்று சொல்லச் சீட்டு இருந்தது, பூச்சிகள்தாம் இல்லை.

நான் விஞ்ஞானி அல்லள். 26 ஆண்டுகள் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. 54 வயதில் ஆட்குறைப்பு. அதன்பின் என் மகளின் தோழி ஒருத்தி, பூச்சி ஆய்வுக்கூடத்தில் பகுதி நேர வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், நுண்ணோக்கியில் உட்காரப் பொறுமை வேண்டும், கை நடுங்கக் கூடாது என்று சொன்னாள். அந்த இரண்டும் என்னிடம் இருந்தன. நான்கு ஆண்டுகளாகப் பூச்சிகளைப் பிரித்து வருகிறேன்.

அந்த வலையைப் பார்ப்பவர்கள் பலரும் அதைக் கொசுப் பொறி என்றே நினைக்கிறார்கள். நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் தாழ்வாரத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியம் வைத்திருக்கும் கறுப்பு உருளைகள்தாம் கொசுப் பொறிகள். முட்டையிட இடம் தேடி வரும் பெண் ஏடிஸ் கொசு உள்ளே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வலை வேறு. அதன் பெயர் மலேஸ் பொறி. ரெனே மலேஸ் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் 1930களில் உருவாக்கியது. வெளியூர்ப் பயணங்களில் அவர் தங்கும் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேலே ஏறி ஒரு மூலையில் கூடுவதைக் கவனித்திருக்கிறார். அந்த மூலையில் ஒரு துளையும் அதில் ஒரு குப்பியும் இருந்தால் போதுமே என்று தோன்றியிருக்கிறது. இன்றும் அதே அமைப்புதான். நடுவில் கறுப்பு வலைச்சுவர், மேலே வெள்ளைக் கூரை. பறந்து வரும் பூச்சி சுவரில் முட்டும், வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும், உச்சிக்குப் போய், போத்தலில் இருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலில் விழும். விளக்கோ வாசனையோ தூண்டில் இரையோ எதுவும் கிடையாது. அந்த வழியாகத் தற்செயலாகப் பறந்து வந்தவை மட்டுமே சிக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் இதைக் காட்டில் கட்ட முடியாது. வலையின் காலில் அதற்கான அட்டை தொங்குகிறது.

போத்தலைக் கொட்டியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்திருப்பார். நூற்றுக்கணக்கில் பூச்சிகள் செத்து மிதப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் செய்திருப்பார். அந்த மனம் எனக்கும் புரிகிறது. என் கணவர் சைவம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் வீடு திரும்பியதும், “இன்று எத்தனை உயிர்?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. “எத்தனை என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறோம்” என்றேன். கொசுப் புகை அடிக்கும்போது சாகும் பூச்சிகளை யார் எண்ணுகிறார்கள்? ஒரு காட்டை வெட்டிச் சாலை போடும்போது? நாங்கள் உயிரை எடுக்கிறோம், மறுக்கவில்லை. எடுத்ததற்கு ஒவ்வொன்றாகக் கணக்கு வைக்கிறோம். அந்தப் போத்தலைக் கொட்டியதால் ஒரு பூச்சியும் பிழைக்கவில்லை. அவை முன்பே இறந்தவை. அவற்றின் சாவுக்கு இருந்த ஒரே பயனும் சேற்றோடு போனது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பயன் என்று நான் சொல்வது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

போத்தல் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் முதல் வேலை, பழைய எத்தனாலை மெல்லிய சல்லடையில் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் நின்றால் எத்தனால் ஆவியாகிக் குறையும். காற்றின் ஈரமும் பூச்சிகளின் உடல்நீரும் கலந்து அது நீர்த்தும் போகும். நீரும் சூடும் சேர்ந்தால், பூச்சியின் இனத்தை அடையாளம் காண எங்களுக்குத் தேவையான அதன் மரபுப் பொருளான டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். அதனால் தாமதிக்காமல் ஊற்றி, பூச்சியம் பாகைக்கு 20 பாகை கீழே இருக்கும் உறைபெட்டியில் வைத்துவிடுவோம். சீட்டைப் பென்சிலில் எழுதுவதும் எத்தனாலை நினைத்துத்தான். பேனா மை அதில் கரைந்துவிடும். புதிதாக வருகிற மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு பென்சில்.

பிறகு ஒரு கரண்டி அளவு எடுத்துக் கண்ணாடித் தட்டில் பரப்புவேன். வெறுங்கண்ணுக்கு அது ஊறிப்போன தேயிலைத் தூள் போல இருக்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால்தான் அது என்ன என்று தெரியும். பச்சையும் பொன்னும் கலந்து மின்னும் உடலும் நீண்ட கால்களுமாக ஓர் ஈ. சதுப்புநிலக் காட்டுச் சேற்றின்மேல் ஓடி இரை பிடிக்கிற வகை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அதன் இறக்கை இறக்கை போலவே இருக்காது, ஒரு காம்பும் அதன் ஓரமெல்லாம் மயிரிழைகளுமாக இறகு போல இருக்கும். அது வேறு பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிட்டு வாழ்வது. தத்துப்பூச்சிகள், வண்டுகள், அந்துப்பூச்சிகள், பொறியின் மேல்மூலையில் தாமே வேட்டையாட வந்து விழுந்த எறும்புகளும் சிலந்திகளும். ஒருநாள் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியின் வயிற்றில் குண்டூசி முனையளவு சிவப்பு மணி ஒன்று ஒட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தால் அந்த மணிக்குக் கால்கள் இருந்தன. பூச்சியின் மேல் ஒட்டி வாழும் சிற்றுண்ணி அது. சாமணத்தின் முனையால் அதைத் தனியே எடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டின் டிஎன்ஏவும் கலந்து, பூச்சியின் பெயரில் உண்ணி பதிவாகியிருக்கும்.

பிரித்தவற்றை ஒவ்வொன்றாகச் சிறு குழிகள் உள்ள தட்டில் இட வேண்டும். பணியாரச் சட்டியை உள்ளங்கையளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, மொத்தம் 96. நான் 95 குழிகளில்தான் பூச்சி வைப்பேன். கடைசிக் குழி வெறுங்குழி. அதில் கரைசல் மட்டும் இருக்கும். பின்னால் அந்தக் குழியிலும் டிஎன்ஏ தெரிந்தால், எங்கோ கை தவறி ஒன்றின் துகள் இன்னொன்றில் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அந்தத் தட்டு முழுவதையும் நம்ப முடியாது. ஒவ்வொரு பூச்சிக்கும் இடையே சாமணத்தை எத்தனாலில் தோய்த்துத் துடைக்கிறேன். ஒரு குழியைத் தாவிவிட்டால், அதற்குப் பின்வரும் அத்தனை பூச்சிகளும் பக்கத்து வீட்டுப் பெயரில் பதிவாகிவிடும். தொழிற்சாலையில் எனக்குப் பழக்கமான கவனம்தான். அங்கே தவறினால் ஒரு சில்லு வீணாகும், இன்னொன்று செய்துகொள்ளலாம். இங்கே அந்தப் பூச்சி இன்னொன்று கிடைக்காமலே போகலாம்.

குழியில் உள்ள கரைசலோடு பூச்சியைச் சூடேற்றினால் அதன் உடலிலிருந்து சிறிதளவு டிஎன்ஏ வெளியே வரும். பூச்சி முழுதாகவே இருக்கும், கால்கூடக் கழலாது. அந்த டிஎன்ஏவில் நாங்கள் தேடுவது ஒரே ஒரு மரபணுவின் ஒரு பகுதியை. உயிரணுவுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு அது. அதன் 658 எழுத்துகள் (டிஎன்ஏவில் வரிசையாக அமைந்த அலகுகளை எழுத்துகள் என்கிறோம்) கொண்ட ஒரு துண்டு இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. கடைப்பொருளைப் பட்டைக்குறியால் அடையாளம் காண்பதுபோல் உயிரினங்களை இந்தத் துண்டால் அடையாளம் காணலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவரது குழுவினரும் 2003இல் எழுதினார்கள். எங்கள் வேலைக்கு அதில் பாதியளவான 313 எழுத்துகளே பல நேரங்களில் போதும். ஒவ்வொரு குழியின் டிஎன்ஏவுக்கும் தனித்தனி அடையாள வால் ஒன்றைச் சேர்த்து, புளோக் எண்ணும் மாடி எண்ணும் எழுதிய கடிதங்களைப் போல, ஆயிரக்கணக்கானவற்றை ஒன்றாகக் கலந்து படிக்க முடிகிறது. படிக்கும் கருவிகளில் ஒன்று கைப்பேசியைவிடச் சிறியது.

எல்லாவற்றையும் மொத்தமாக அரைத்து அந்தச் சாற்றிலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் படிக்கும் முறையும் உண்டு. விரைவானது, பெரிய நிலப்பரப்புக்கு உதவுவது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. எந்த இனம் எத்தனை வந்தது என்று அதில் உறுதியாகச் சொல்ல முடியாது. புதிய இனம் என்று தெரிந்தால் எடுத்துக் காட்ட உடல் இருக்காது. ஒவ்வொன்றாக வைப்பதுதான் சரி என்பது என் எண்ணம். எழுத்துகள் ஒத்துப்போகிற பூச்சிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்த பிறகு, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஆழ்ந்து அறிந்த வகைப்பாட்டியலாளர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலவற்றை எடுத்து உருவத்தைப் பார்ப்பார். முன்பு அவர் ஆயிரம் ஈக்களையும் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 லட்சம். பெயரில்லாதவை அதைவிடப் பல மடங்கு. அந்த வேகத்தில் போயிருந்தால் எப்போது முடித்திருப்போம்?

இப்படிச் செய்ததால் நம் தீவைப் பற்றித் தெரிய வந்தது சிறிதல்ல. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், சிங்கப்பூரின் மழைக்காடு, நன்னீர்ச் சதுப்புக் காடு, கடலோரக் காடு, நகர்ப்புறக் காடு, அலையாத்திக் காடு (நாம் சதுப்புநிலக் காடு என்பது) ஆகியவற்றில் இருந்தும் வட்டார நாடுகளிலிருந்தும் எடுத்த ஏறத்தாழ 140,000 பூச்சிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஏறத்தாழ 8,500 இனங்கள் தெரிந்தன. அலையாத்திக் காட்டில் மரவகைகள் குறைவு, ஆகவே பூச்சிகளும் குறைவாகத்தான் இருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். நம் தீவின் அலையாத்திக் காடுகளில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் மற்ற காடுகளில் கிடைக்காதவை.

என் அப்பா தமிழ்நாட்டின் முத்துப்பேட்டைக்காரர். இங்கே நாம் சதுப்புநிலக் காடு என்று சொல்வதை அவர் அலையாத்திக் காடு என்பார். அலையை ஆற்றுவதால் அந்தப் பெயர் என்று சிறு வயதில் எனக்குச் சொன்னது நினைவிருக்கிறது. சேறும் கொசுவும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால், 3,000 என்று எண்ணைச் சொல்கிறேன்.

பூச்சி என்றாலே நம் வாயில் அடுத்து வருகிற சொல் ‘மருந்து’. இது எனக்கு நெடுநாள் வருத்தம். ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று பழமொழி சொல்கிறோம். அந்தச் சொத்தைக்குள் இருப்பதில்தான் அத்தியின் உயிரே இருக்கிறது. அத்திக்குள்ளேயே பூக்கள், அவற்றுக்கு மகரந்தம் கொண்டு வருவது ஒரு சிறிய குளவி. பெரும்பாலும் ஒவ்வொரு வகை அத்திக்கும் அதற்கென்றே ஒரு குளவி. அந்தக் குளவி இல்லையேல் அத்திக்கு விதை இல்லை. பறவைகளும் குரங்குகளும் அந்தப் பழங்களை உண்டுதான் வாழ்கின்றன. கோக்கோ மரத்துக்கு மகரந்தம் கொண்டு போவதும் நாம் கடிக்கிறது என்று விரட்டும் பொடிப்பூச்சிகளின் உறவுகள்தாம்.

இந்த மண்ணில் பூச்சி சேகரிப்பது புதிதும் அல்ல. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் தங்கி, ஏறத்தாழ இரண்டே மாதத்தில், பெரும்பாலும் ஒரு சதுர மைல் காட்டுக்குள்ளேயே 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று இன்று நாம் சொல்ல முடிவது அவர் போன்றவர்கள் எடுத்து, எழுதி, பாதுகாத்து வைத்ததால்தான். அதேபோல் இன்று எடுப்பவை லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்ற இடங்களில் இருந்தால், 100 ஆண்டு கழித்து வருகிறவர் நம் காலத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஒரு வாரப் போத்தல் போனால் என்ன, அடுத்த வாரம் கிடைக்காதா என்று என் சொந்தத் தங்கையே கேட்டாள். அவளுக்கு நான் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்தைப் பற்றிச் சொன்னேன். அங்குள்ள பூச்சியியல் சங்கத்தினர், பெரும்பாலும் இதைத் தொழிலாகச் செய்யாத ஆர்வலர்கள், 1989 முதல் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் இதே மலேஸ் பொறியைக் கட்டி, கிடைத்ததை எடை போட்டு, போத்தல்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். 2017இல் அந்தக் கணக்கு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. போத்தல்கள் இல்லாதிருந்தால், ‘முன்பெல்லாம் காரின் கண்ணாடியில் நிறையப் பூச்சி அடிபடும்’ என்று முதியவர்கள் சொல்வதோடு பேச்சு முடிந்திருக்கும்.

நம் தீவிலும் அப்படி நடக்கிறதா இல்லையா என்று சொல்ல, ஒரே இடத்தில் வாரா வாரம் எடுத்த போத்தல்கள் வேண்டும். மழை பெய்த வாரமும் வேண்டும், வெயில் காய்ந்த வாரமும் வேண்டும். அந்தக் கடந்த வாரத்தை யாரும் இனிக் கொண்டுவந்து கொடுக்க முடியாது. எங்கள் பட்டியலில் அந்தத் தேதிக்கு எதிரே ஒரு கோடு இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும்.

ஆகவே உங்கள் வாசகர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு காட்டோரம் நடக்க வருபவர்களிடம், கேட்டுக்கொள்கிறேன். வலையைப் பாருங்கள், படம் எடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். போத்தலைத் தொடாதீர்கள். அதில் இருப்பது எளிதில் தீப்பற்றும் எத்தனால் என்பதால் புகைபிடித்துக்கொண்டு அருகில் நிற்கவும் வேண்டாம். கயிறு அறுந்திருந்தாலோ வலை சாய்ந்திருந்தாலோ அட்டையில் உள்ள எண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அறிவியல் பாடத்தில் டிஎன்ஏவைச் சொல்லித் தரும்போது, அதற்கு முன்னால் ஒருவர் சாமணத்தோடு உட்கார்ந்து பூச்சியைப் பிரிக்கிற வேலை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பெரிய பட்டம் இல்லாதவர்களும் அதைச் செய்யலாம். நான் செய்கிறேன்.

அன்று காலை நான் சேற்றில் மண்டியிட்டு, வேர்களுக்கு இடையே தேடி 11 பூச்சிகளை எடுத்தேன். அவை வலையில் விழுந்தவையா, அலையோடு வந்தவையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே தட்டில் வைக்கவில்லை. தனிக் குப்பியில் போட்டு, ‘சேற்றிலிருந்து எடுத்தது, தேதி உறுதியில்லை’ என்று பென்சிலில் எழுதி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். பிறகு புதிய போத்தலை மாட்டினேன்.

வியாழக்கிழமைகளில் காலை ஏழரை மணி வாக்கில் வடக்குக் கரைப் பலகைப் பாதையில் இருப்பேன். முதுகில் நீலப் பையும் கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கும். போத்தலைத் திறந்தவர் இதைப் படித்தால் அவரும் வரட்டும். புதிய போத்தலை மாட்டுவதற்கு முன், அந்த வாரம் என்ன விழுந்திருக்கிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்